ராம்புராவுக்குப் போன பேராசிரியர்

மாரிக்குப்பத்திலிருந்து காலையில் கிளம்பும் பாசஞ்சர் வண்டி, சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று தங்கவயல் நிலையங்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பங்காருப்பேட்டை, டேக்கல், மாலூர், தேவனகொந்தி கடந்து வைட்ஃபீல்டில் வந்து நிற்பதற்குள் ஒவ்வொரு பெட்டியும் ஒரு சின்ன கிராமமாகிவிடுகிறது. 2001-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு பிழைப்புக்காக நாள்தோறும் பெங்களூர் வந்து திரும்பும் தமிழர்களுக்கு இந்த வண்டிதான் தெரு, இதுதான் திண்ணை. யாருக்கு எந்த இடம் என்பது எழுதாத சட்டம். புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தால் ஐந்து நிமிடம் பொறுப்பார்கள். பிறகு எந்த ஊர் என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னால், ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள். அதையும் சொன்னால், அங்கே இன்னாரைத் தெரியுமா என்பார்கள். மூன்றாவது கேள்வி முடிவதற்குள் வந்தவர் யார், எவர் என்பது கணக்காகிவிடும். தோசைப் பொட்டலம் அவர் பக்கம் நீளுமா நீளாதா என்பது அதற்கு அப்புறம்தான்.

முகம் தெரியாதவரிடம் பெயரைக் கேட்பதற்கு முன் நம் ஜனங்கள் ஊரைக் கேட்பது ஏன்? மாமிசம் சாப்பிட்டு வந்த குடும்பம் இரண்டு தலைமுறையில் சைவமாகிப் போவது ஏன்? ஒரு பெரிய மனிதர் கை காட்டினால் நூறு வீட்டு ஓட்டும் ஒரே சின்னத்தில் விழுவது ஏன்? பரியம் போட்டுப் பெண் எடுத்து வந்த வகுப்பில் மாப்பிள்ளைக்கு விலை வந்தது எப்படி? வெற்றிலை போட்டுக்கொண்டு பேசிவிட்டு, துண்டை உதறி எழுந்து போய்விடுகிற விஷயங்கள் இவை. இவற்றையே வாழ்நாள் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டு, நேரில் போய் இருந்து, பார்த்து, கேட்டு, எழுதி, உலகத்துப் பல்கலைக்கழகங்கள் பாடமாகப் படிக்கும்படி செய்தவர் ஒருவர் உண்டு. மைசூரில் பிறந்து பெங்களூரில் மறைந்த பேராசிரியர் எம்.என். சீனிவாஸ் அவர்களே அவர்.

பின்சுவருக்கு அப்பால்

மைசூர் நரசிம்மாச்சார் சீனிவாஸ் 1916-ம் ஆண்டு நவம்பர் 16-ம் தேதி மைசூர் நகரில் ஐயங்கார் குடும்பம் ஒன்றில் பிறந்தார். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். மைசூர் ராஜ்யத்தில் பல தலைமுறைகளாகக் குடியிருந்துவிட்ட ஐயங்கார்களின் தமிழ் கன்னடம் கலந்து, தனக்கென்று ஒரு ராகம் பிடித்துக்கொண்ட தமிழ். இன்றைக்குப் பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகளின் தமிழைக் கேட்பவர்களுக்கு அது புரியும். குடும்பத்தின் பூர்வீகம் அரக்கெரே என்ற கிராமம். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதற்காகத் தகப்பனார் கிராமத்தை விட்டு மைசூருக்குக் குடிவந்தவர். நிலம் கிராமத்தில், வாழ்க்கை பட்டணத்தில் என்ற நிலை. இது எத்தனையோ குடும்பங்களின் கதைதான்.

சீனிவாஸின் வீடு இருந்தது படித்தவர்கள் குடியிருந்த காலேஜ் ரோடில். அந்த வீட்டின் பின்சுவரைத் தாண்டி ஐம்பது கஜம் நடந்தால் பண்டிகேரி என்ற பகுதி. ஆடு வளர்ப்பதும் கம்பளி நெய்வதும் குலத்தொழிலாகக் கொண்ட குருபர்கள் அங்கே வாழ்ந்தார்கள். பதினோரு வயதுப் பையனாக ஒருநாள் அங்கே நடந்து போன சீனிவாஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீடு வேறு, உடுப்பு வேறு, பேச்சு வேறு. ஒரே ஊர், ஒரே சுவர், அந்தப் பக்கம் வேறு உலகம். கப்பலேறி வெளிநாடு போகிறவர்களுக்கு ஏற்படும் அதிர்ச்சி தமக்கு முதன்முதலில் வீட்டுக் கொல்லைப்புறத்தில்தான் ஏற்பட்டது என்று பிற்காலத்தில் அவர் எழுதினார். அந்தச் சுவரை அவர் கடைசிவரை மறக்கவில்லை. அவர் செய்த ஆராய்ச்சி முழுவதையும் அந்த ஐம்பது கஜ நடையின் தொடர்ச்சி என்றே சொல்லலாம்.

மைசூர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஏ.ஆர். வாடியாவிடம் சமூகத் தத்துவம் படித்து ஆனர்ஸ் பட்டம் பெற்ற பிறகு, பம்பாய்க்குப் போய் சமூகவியல் ஆசான் ஜி.எஸ். குர்யேவிடம் சேர்ந்தார். மைசூரில் கல்யாணமும் குடும்பமும் என்பது அங்கே அவர் எழுதிய முதல் ஆராய்ச்சி. 1942-ல் புத்தகமாக வந்தது. குர்யேவிடம் ஆராய்ச்சி உதவியாளராக இருந்த காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கமும் ஆந்திரப் பக்கமும் களப்பணிக்கு அனுப்பப்பட்டார். அப்போது திரட்டிய தமிழ் நாட்டுப் பாடல்களைப் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் சஞ்சிகையில் 1943-ல் வெளியிட்டார். ஏற்றம் இறைப்பவனும் நாற்று நடுகிறவளும் பாடுவதைப் பல்கலைக்கழகச் சஞ்சிகையில் அச்சிடுவது அன்றைக்குச் சாதாரண காரியம் அல்ல.

அதற்குப் பிறகு குடகு. குடகர்களின் சமயத்தையும் சமூக வாழ்க்கையையும் ஆராய்ந்து பம்பாயில் டாக்டர் பட்டம் பெற்றார். உலக யுத்தம் முடிந்த 1945-ல் இங்கிலாந்து போய் ஆக்ஸ்போர்டில் சேர்ந்தார். முதலில் ராட்கிளிஃப் பிரவுன், அவர் ஓய்வு பெற்ற பின் எவன்ஸ் பிரிட்சர்ட் என்று மானிடவியலின் இரண்டு பெரிய மலைகளிடம் பாடம் கேட்டார். குடகு பற்றிய அதே தகவல்களை அங்கே புதிய கண்ணோடு மறுபடி எழுதினார். 1952-ல் வெளிவந்த அந்த நூல்தான் அவர் பெயரை உலகமறியச் செய்தது.

மாட்டு வீட்டில் குடித்தனம்

1948-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அவரை இந்திய சமூகவியல் விரிவுரையாளராக நியமித்தது. முதல் ஓராண்டை இந்திய கிராமம் ஒன்றில் கழிக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார், அனுமதி கிடைத்தது. கிராமத்தைப் பற்றி எழுதியவர்கள் அதற்கு முன்பும் உண்டு. கலெக்டர்கள் எழுதினார்கள், பாதிரிமார்கள் எழுதினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு தென்னிந்திய கிராமங்கள் சிலவற்றை ஆராய்ந்து 1918-லேயே நூலாக்கினார். ஆனால் சாதியைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் மனுதர்ம சாஸ்திரத்தைப் புரட்டுவதுதான் படித்தவர்களின் வழக்கமாக இருந்தது. நான்கு வர்ணம், அதில் இன்னார் மேல், இன்னார் கீழ் என்று ஏட்டில் எழுதியிருப்பதே நாட்டிலும் நடக்கிறது என்று எண்ணிக்கொண்டார்கள். சீனிவாஸ் ஏட்டை மூடிவிட்டுப் பஸ் ஏறினார்.

அவர் போன கிராமம் மைசூரிலிருந்து இருபத்திரண்டு மைல். அசல் பெயர் கொடகஹள்ளி. அங்கே வாழ்கிறவர்களின் அந்தரங்கம் கெடக்கூடாதென்று தம் எழுத்தில் அதற்கு ராம்புரா என்று பெயர் வைத்தார். பூர்வீக ஊருக்குப் பக்கத்துச் சீமை என்பதும் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். 1948-ல் அங்கே 1,523 பேர் வாழ்ந்தார்கள். பத்தொன்பது இந்து சாதிகள், அதோடு முஸ்லிம்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் ஒக்கலிகர் என்னும் உழவர் குலத்தவர். மூட்டை முடிச்சுகளோடும் ஒரு சமையற்காரரோடும் வந்து இறங்கிய பேராசிரியருக்கு ஊர்த் தலைவர் ஒதுக்கித் தந்த ஜாகை, அவருடைய எருதுகள் கட்டியிருந்த மாட்டு வீட்டில். ஒரு பக்கம் எருதுகள் அசைபோட, மறுபக்கம் ஆக்ஸ்போர்டு விரிவுரையாளர் எழுதிக்கொண்டிருந்தார்.

ஆராய வந்தவரை ஊர் ஆராய்ந்ததுதான் வேடிக்கை. கழுத்தில் தொங்கிய காமிராவைக் கன்னடக் கிராமத்து நாக்கு சாமரமாக்கிவிட்டது. சாமிக்கு வீசும் சாமரம்! சாமரக்காரர் என்றே அவருக்குப் பெயர் நிலைத்தது. தனிமை என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை. அவர் எழுதும்போது பார்க்க வந்தார்கள், படிக்கும்போது பார்க்க வந்தார்கள். சம்பளம் என்ன, இங்கிலாந்தில் என்ன சாப்பாடு, இந்த வயதாகியும் ஏன் கல்யாணமாகவில்லை என்று கேட்டார்கள். ஒரு நாள் குளித்துவிட்டு அதன் பிறகு சவரம் செய்துகொண்டார். சவரம் தீட்டு, அது முடிந்து அல்லவா குளிக்க வேண்டும், பிராமணருக்கு இதுகூடத் தெரியாதா என்று கிராமத்தார் குறை சொன்னார்கள். சாஸ்திரம் படிக்காத உழவர்கள், சாஸ்திரம் படித்த குலத்தில் பிறந்தவருக்கு ஆசாரம் சொல்லிக்கொடுத்தார்கள். அவரவருக்கு ஒரு இடம், அந்த இடத்துக்கு ஒரு நடத்தை. அதை மீறினால் அறிவுரை மேலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை, கீழிருந்தும் வரும். புத்தகத்தில் கிடைக்காத இந்தப் பாடத்தைச் சீனிவாஸ் சவரக் கத்தியும் கையுமாகக் கற்றுக்கொண்டார்.

கேள்வித்தாளை நீட்டிப் பதில் வாங்கிக்கொண்டு மாலை பஸ்ஸில் திரும்பிவிடும் ஆராய்ச்சியில் அவருக்கு நம்பிக்கை குறைவு. வீட்டுக்கு வீடு கணக்கெடுத்தார். ஆனால் அதோடு நிற்கவில்லை. திண்ணையில், டீக்கடையில், களத்து மேட்டில் உட்கார்ந்தார். பாகப்பிரிவினைச் சண்டையை, குயவருக்கும் பூசாரிக்கும் வந்த வழக்கை, வண்ணார் குலத்துப் பஞ்சாயத்தை எல்லாம் விடாமல் குறித்துக்கொண்டார். இவை ஒவ்வொன்றும் பிறகு தனித்தனிக் கட்டுரையாயின. குள்ளே கவுடர் என்று அவர் குறிப்பிடும் ஒரு பேர்வழி, யாரும் கேட்காமலே தம்மை உதவியாளராக நியமித்துக்கொண்டார். உதவியும் உபத்திரவமும் கலந்தே வந்தன. இந்த மனிதரைப் பற்றிச் சீனிவாஸ் எழுதியிருக்கும் பகுதிகள் நாவலில் வரும் பாத்திரம் போல இருக்கும்.

மழை தவறிய சமயம் பசவன் கோயிலில் பெரியவர்கள் கூடிப் பூக் கேட்டார்கள். சாமி மேல் வைத்த பூ எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து உத்தரவு அறியும் வழக்கம் நம் பக்கத்திலும் உண்டு. பூ விழத் தாமதமானது. கெஞ்சிப் பார்த்தவர்கள் பிறகு சாமியைக் கோபித்துக்கொண்டார்கள். சொன்ன பேச்சைக் கேட்காத சொந்தக்காரரைக் கடிந்துகொள்வது போலக் கடிந்துகொண்டார்கள். படித்தவர் கண்ணுக்கு இது அபசாரம். சீனிவாஸோ, தெய்வத்தோடு இத்தனை நெருக்கமான உறவு வைத்துக்கொண்டிருக்கும் மனிதரைப் பற்றி எந்தத் தத்துவப் புத்தகத்திலும் தாம் படிக்கவில்லையே என்று யோசித்தார்.

மூன்று சொற்கள்

குடகிலும் ராம்புராவிலும் பார்த்ததிலிருந்து அவர் சில சொற்களை உருவாக்கினார். சமஸ்கிருதமயமாதல் என்பது ஒன்று. படியில் கீழே வைக்கப்பட்ட ஒரு சாதி, கள்ளையும் மாமிசத்தையும் விடுகிறது, பூணூல் போடுகிறது, புரோகிதரை அழைக்கிறது, விதவைக்கு மறுமணம் கூடாது என்கிறது. ஒன்றிரண்டு தலைமுறை கழித்து மேல்படி தமக்கு உரியது என்று கேட்கிறது. அசையாத கல் என்று எல்லோரும் நினைத்த சாதி அடுக்கு உள்ளுக்குள் அசைந்துகொண்டே இருக்கிறது என்பதை இந்த ஒரு சொல்லால் காட்டினார். முதலில் பிராமணமயமாதல் என்றுதான் சொல்லிவந்தார். எல்லா இடத்திலும் முன்மாதிரி பிராமணர் அல்ல, சில இடத்தில் அரச குலத்தார், சில இடத்தில் வணிகர் என்று தெரிந்ததும் சொல்லை மாற்றிக்கொண்டார்.

தமிழ்நாட்டுக்கு இது முழுக்கப் பொருந்துமா என்பது வேறு விஷயம். நாடார் சமூகத்தின் வரலாற்றை ஆராய்ந்து அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-ல் ஒரு நூல் எழுதினார். அந்தச் சமூகம் ஒரு காலத்தில் பூணூலும் க்ஷத்திரியப் பட்டமும் கோரியதையும், பிறகு அந்தப் பாதையை விட்டு ஒற்றுமை, வியாபாரம், கல்வி என்ற பலத்தால் உயர்ந்ததையும் அதில் காணலாம். சுயமரியாதை இயக்கம் வேரூன்றிய மண்ணில் மேலே இருப்பவரைப் போல ஆவதல்ல, மேல் கீழ் என்பதையே கேள்வி கேட்பதுதான் முன்னேற்றம் என்றானது. அப்படியிருந்தும் நம் வீடுகளில் சடங்கு நாளுக்கு நாள் குறைந்ததா கூடியதா என்று எண்ணிப் பார்த்தால், சீனிவாஸை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது என்பது தெரியும்.

ஆதிக்க சாதி என்பது இரண்டாவது சொல். ராம்புராவில் சடங்குப்படி உயர்ந்தவர் யாராக இருந்தாலும், பஞ்சாயத்து ஒக்கலிகர் கையில்தான். மற்ற சாதியார் தங்கள் சொந்தச் சண்டையைக்கூட அவர்களிடம் கொண்டுபோனார்கள். நிலமும் ஆள்பலமும் எங்கே சேருகிறதோ அங்கேதான் அதிகாரம் என்பதை 1959-ல் எழுதிய கட்டுரையில் விரித்துரைத்தார். பிற்பாடு இங்கிலீஷ் படிப்பும் சர்க்கார் உத்தியோகமும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொள்வதையும் காட்டினார்.

மூன்றாவது, அரசியல்வாதிகள் அன்றாடம் உச்சரிக்கும் ஓட்டு வங்கி. முதல் பொதுத் தேர்தல் நடந்த 1952-ல் சீனிவாஸ் மறுபடி ராம்புராவுக்குப் போயிருந்தார். ஊரின் பணக்காரர்கள் பஸ்ஸிலும் அரிசி மில்லிலும் பணம் போடத் தொடங்கியிருந்தார்கள். நிலக்கிழார் ஒருவரின் தயவில் வாழும் குடியானவர்களும் பண்ணையாட்களும் அவர் சொன்ன இடத்தில் ஓட்டுப் போடுவார்கள். ஆகையால் வேட்பாளர் அந்த ஒரு மனிதரைப் பிடித்தால் போதும். பாங்கியில் போட்ட பணம் போல அவரிடம் ஓட்டு இருக்கிறது. இதைத்தான் 1955-ல் வெளிவந்த கட்டுரையில் ஓட்டு வங்கி என்றார். இன்று அந்தச் சொல்லை ஏதோ ஒரு சாதி, ஒரு மதம் மொத்தமாக ஓட்டுப் போடுவதற்குச் சொல்கிறார்கள். ஏழையைக் குற்றம் சொல்லப் பயன்படுகிற சொல், பிறந்தபோது பணக்காரரின் பிடியைச் சுட்டிக்காட்டவே பிறந்தது.

ரயிலும் சாதியும்

இந்தியாவில் ரயில் போட ஆரம்பித்த 1853-ம் ஆண்டில், லண்டனில் இருந்த கார்ல் மார்க்ஸ் ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரையில் ஓர் ஆரூடம் சொன்னார். ரயிலைத் தொடர்ந்து நவீனத் தொழில்கள் வரும்; பரம்பரைத் தொழில் பிரிவினை உடையும்; அதன் மேல் நிற்கும் சாதியும் கரைந்துபோகும் என்பது அவர் வாதம். பதினோரு வருஷம் கழித்து, 1864-ல், ஜோலார்பேட்டையிலிருந்து வைட்ஃபீல்ட் வழியாகப் பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்கு ரயில் வந்தது. ஒரே பலகையில் எல்லோரும் உட்கார வேண்டியதாயிற்று. தீட்டு பார்த்தவர்கள் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார்கள். இந்த அளவில் மார்க்ஸ் சொன்னது பொய்யில்லை.

சீனிவாஸ் இன்னொரு பக்கத்தைக் கவனித்தார். 1957-ல் இந்திய விஞ்ஞான காங்கிரஸில் மானிடவியல் பிரிவுக்குத் தலைமை வகித்து ஆற்றிய உரையில், அச்சகம், தபால், தாய்மொழிப் பத்திரிகை, ரயில், பஸ் இவை சாதியை ஒரு வகையில் பலப்படுத்தியிருக்கின்றன என்றார். முற்காலத்தில் ஒரு சாதியார் தங்கள் கிராமத்துக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் அப்பால் இருக்கும் தம்மவரை அறியமாட்டார்கள். குறுக்கே ஆறு இருந்தது, காடு இருந்தது, வேறு ராஜாவின் எல்லை இருந்தது. ரயில் வந்ததும் தூரத்து ஜில்லாக்காரர்கள் மாநாட்டில் கூடினார்கள். சங்கம் வைத்தார்கள், பத்திரிகை நடத்தினார்கள், விடுதி கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், அப்புறம் தேர்தலுக்கும் நின்றார்கள். கிராமத்துக்குள் மேலும் கீழுமாக அடுக்கியிருந்த சாதி, ஜில்லாவுக்கு ஜில்லா பக்கவாட்டில் நீண்டது.

அவர் இப்படிச் சொன்னபோது ஆட்சேபித்தவர்கள் பலர். சுதந்திரம் வந்தாகிவிட்டது, ஐந்தாண்டுத் திட்டம் வந்தாகிவிட்டது, சாதியாவது மண்ணாவது என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. பிறகு நடந்த தேர்தல்கள் எதைக் காட்டின என்பதை வாசகர்களே அறிவார்கள்.

புல்டோசர் ஓட்டி ஒருவரைப் பற்றி அவர் எழுதியது நினைவுக்கு வருகிறது. 1952-ல் ராம்புராவில் சர்க்கார் புல்டோசர் நிலத்தைச் சமன் செய்துகொண்டிருந்தது. யந்திரத்தை ஓட்டியவர் வேலை முடிந்த நேரத்தில் கிராமத்தாருக்கு மந்திர வித்தைகள் செய்து காட்டினார். பகலில் யந்திரம், மாலையில் மந்திரம். இரண்டும் ஒன்றோடொன்று முட்டுவதாக அவருக்குத் தோன்றவே இல்லை. மேல்நாட்டுமயமாவது என்றால் பழையது போய்ப் புதியது வருவது அல்ல, இரண்டும் ஒரே மனிதருக்குள் பாய் போட்டு உட்கார்ந்துகொள்வதுதான் என்று சீனிவாஸ் கண்டார். 1966-ல் வந்த அவருடைய நவீன இந்தியாவில் சமூக மாற்றம் என்ற நூலில் இந்தச் சம்பவம் இருக்கிறது.

தீயில் போன குறிப்புகள்

1951-ல் ஆக்ஸ்போர்டு வேலையை விட்டு பரோடாவுக்கு வந்து சமூகவியல் துறையை உண்டாக்கினார். 1959-ல் டில்லிக்குப் போய் அங்கேயும் ஒரு துறையை உண்டாக்கினார். அந்த இரண்டு இடத்திலும் அவரிடம் படித்தவர்கள் பிறகு நாடெங்கும் பேராசிரியர்களானார்கள். இத்தனை வேலைக்கு நடுவே ராம்புரா பற்றிய பெரிய நூல் மட்டும் எழுதப்படாமலே இருந்தது. அதை எழுதி முடிப்பதற்கென்றே 1970-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் உள்ள ஆய்வு மையத்துக்கு விருந்தினராகப் போனார். களத்தில் கிறுக்கிய குறிப்புகளைப் பல ஆண்டுகள் உழைத்துத் தலைப்புவாரியாகப் பிரித்து ஒழுங்கு செய்து வைத்திருந்தார். மூன்று பிரதிகள் இருந்தன. மூன்றும் அங்கே அவருடைய அறையிலேயே இருந்தன.

ஏப்ரல் 24-ம் தேதி அந்த மையத்துக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள். வியட்நாம் யுத்தத்தை எதிர்த்து அமெரிக்காவில் மாணவர் கிளர்ச்சி பொங்கிக்கொண்டிருந்த சமயம். தீ வைத்தவர்களுக்கு ராம்புரா என்ற பெயரோ, மாட்டு வீட்டில் தங்கியிருந்த ஒரு மைசூர்க்காரரோ தெரிந்திருக்க நியாயமில்லை. சீனிவாஸின் அறை சாம்பலானது. மூன்று பிரதிகளும் போயின. ஐம்பத்து மூன்று வயதில் ஒரு மனிதருக்கு இதைவிடப் பெரிய அடி என்ன இருக்க முடியும்?

சால் டாக்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் ஒரு யோசனை சொன்னார். குறிப்புகள் போனால் போகட்டும், நினைவிலிருந்தே எழுதலாமே என்றார். முதலில் எழுத்துக்கள் போன துக்கம், பிறகு மெல்ல மெல்ல முகங்கள் வந்தன. ஊர்த் தலைவர் வந்தார், குள்ளே கவுடர் வந்தார், பூக் கேட்ட பசவன் கோயிலும் அசைபோடும் எருதுகளும் வந்தன. டில்லியில் பெட்டியில் கிடந்த மூலக் களக்குறிப்புகள் தீயில் சிக்காமல் தப்பியிருந்தன. ஆனால் நூல் நினைவிலிருந்தே வளர்ந்தது. 1976-ல் நினைவில் நிற்கும் கிராமம் என்று பொருள்படும் பெயரோடு வெளிவந்தது. அட்டவணையும் புள்ளிவிவரமும் குறைந்து மனிதர்கள் நிறைந்த நூல். குறிப்புகள் எரியாமல் இருந்திருந்தால் இன்னும் கனமான புத்தகம் ஒன்று வந்திருக்கும். இத்தனை பேர் படித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

புகழோடு கண்டனமும் வந்தது. மாட்டு வீடு யாருடையது? ஊர்த் தலைவருடையது. அதில் தங்கியவருக்கு ஊர் எப்படித் தெரியும்? நிலக்காரர் திண்ணையிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படித்தான். சேரியில் இருப்பவருக்கு அதே கிராமம் வேறு மாதிரி அல்லவா இருந்திருக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் கேட்டார்கள். கேட்டது நியாயமான கேள்வி. அவருடைய நூலில் தலைவர் வீட்டு விவகாரம் விரிவாக இருக்கும் அளவுக்குத் தாழ்த்தப்பட்டவர் வீட்டு அடுப்பு எரிந்ததா என்பது இல்லை. சீனிவாஸ் இதை மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தாம் மேல்சாதி நிலக்காரர் நடுவில் வாழ்ந்ததால் தம் பார்வை அந்தப் பக்கம் சாய்ந்தது என்பதையும், தாழ்த்தப்பட்டவரோடும் முஸ்லிம்களோடும் போதிய அளவு பழகவில்லை என்பதையும் அந்த நூலிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். பண்டிகேரிக்குப் போகப் பதினோரு வயதில் தடையாக இல்லாத சுவர், முப்பத்தொரு வயதில் ராம்புராவில் தடையாக இருந்தது. பையன் போனால் விளையாட்டு. ஊர்த் தலைவரின் விருந்தாளி போனால் அது ஊர் விவகாரம். தலைவர் முகம் சுளித்தால் அந்த வீட்டில் தங்க முடியாது, தங்காவிட்டால் ஆராய்ச்சியே இல்லை.

பெங்களூர் நாட்கள்

1972-ல் பொருளாதார அறிஞர் வி.கே.ஆர்.வி. ராவ் பெங்களூரில் சமூக, பொருளாதார மாற்றங்களுக்கான ஆராய்ச்சிக் கழகத்தைத் தொடங்கியபோது, சீனிவாஸ் டில்லியை விட்டு வந்து அதன் இணை இயக்குநரானார். பிற்காலத்தில் இந்திய விஞ்ஞானக் கழக வளாகத்தில் உள்ள தேசிய உயராய்வு நிறுவனத்தில் ஜே.ஆர்.டி. டாட்டா பெயரிலான பேராசிரியராக இருந்தார். 1976-ல் லண்டன் அரச மானிடவியல் கழகத்தின் ஹக்ஸ்லி பதக்கம், 1977-ல் பத்ம பூஷண் என்று கௌரவங்கள் வந்தன.

வந்த இடத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. வரதட்சணைக் கொடுமையால் பெண்கள் எரிந்து சாகும் செய்திகள் பத்திரிகைகளில் அதிகமான 1980-களில் அதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். வரதட்சணை நம் பழைய வழக்கம், சீதனம் என்று சாஸ்திரத்திலேயே இருக்கிறது என்று சமாதானம் சொல்பவர்களுக்கு அது சரியான பதில். பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் ஆசையோடு தருவது வேறு, மாப்பிள்ளை வீட்டார் பட்டியல் போட்டுக் கேட்பது வேறு என்று பிரித்துக் காட்டினார். தென்னாட்டில் பல சாதிகளில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணுக்குப் பரியம் கொடுத்து வந்தார்கள். இங்கிலீஷ் படிப்பும் மாதச் சம்பள உத்தியோகமும் வந்தபின், அந்த உத்தியோகம் பார்க்கும் பையன்கள் சொற்பமாக இருந்ததால் அவர்களுக்குக் கிராக்கி ஏற்பட்டது. ஆக, வரதட்சணை பழமையின் மிச்சம் அல்ல, நவீன காலத்தின் சரக்கு என்பது அவர் முடிவு. படிப்பு பரவினால் தானே ஒழியும் என்று காத்திருப்பவர்களுக்கு இது கசப்பான செய்திதான்.

1999-ல், எண்பத்து மூன்றாம் வயதை எட்டும் காலத்தில், சாதி அமைப்புக்கு இரங்கல் குறிப்பு எழுதுவது போன்ற ஓர் உரையை அவர் தயாரித்தார். கிராமத்தில் கொல்லர், தச்சர், வண்ணார், நாவிதர், பண்ணையாள் எல்லோரும் அறுவடைக் களத்தில் நெல்லாகக் கூலி பெற்று ஒருவரையொருவர் சார்ந்து நின்றதே சாதி என்னும் அமைப்பு. களத்தில் நெல் அளப்பது நின்று கையில் காசு வந்தபோது அந்த அமைப்புக்கு உயிர் போய்விட்டது. ஆனால் தனித்தனிச் சாதிகள் சாகவில்லை. ஒன்றையொன்று சார்ந்து நின்றவை இப்போது ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன, முன்னைவிடத் தெம்பாகவே இருக்கின்றன. ராம்புரா களத்து மேட்டில் 1948-ல் நெல் அளந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் என்பதால் இதைச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது.

அதே ஆண்டு நவம்பர் 30-ம் தேதி பேராசிரியர் சீனிவாஸ் பெங்களூரில் காலமானார். அந்தக் கட்டுரை அச்சேறியது 2003-ல்.

வைட்ஃபீல்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் ராகி அடித்த களங்கள் இருந்த இடத்தில் அடுக்கு மாடிகள் எழுந்துவிட்டன. களத்துக்குச் சொந்தக்காரராக இருந்தவரின் பேரன் வாடகை வசூலிக்கிறார். களத்தில் கூலி வாங்கியவரின் பேரன் அதே கட்டிடத்தின் வாசலில் காவல் இருக்கிறார். அங்கே வேலைக்குப் போகிறவர்களை இறக்கிவிட்டு மாரிக்குப்பம் வண்டி கிருஷ்ணராஜபுரம் பக்கம் கிளம்புகிறது. காலியான இடத்தில் புதிதாக ஒருவர் வந்து உட்காருகிறார். எதிரில் இருப்பவர் ஐந்து நிமிடம் பொறுத்திருக்கிறார்.